கர்த்தர் சொல்லாத "இல்ல"

அஞ்சு மாசம் நான் ஜெபம் பண்ணல. பண்ற மாதிரி இருந்தேன். ஞாயித்துக்கிழமை முன் வரிசையில கண்ண மூடி நின்னேன், கையத் தூக்கினேன், ஆமென் சொல்ற எடத்துல எல்லாருக்கும் முந்திச் சொன்னேன். உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்ல. வீட்டுல தனியா முழங்கால் போட்டு "ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சா, ஒரு சின்னத் துண்டுக் காகிதம் கண்ணு முன்னாடி வந்து நிக்கும். எந்திரிச்சுப் பாத்திரம் கழுவப் போயிருவேன். அந்த அஞ்சு மாசம் எங்க வீட்டுப் பாத்திரம் எல்லாம் ரொம்ப சுத்தமா இருந்துச்சு.

நம்ம பெண்கள் ஐக்கியத்துல சாட்சி சொல்லுங்கன்னு கேட்டப்ப, "என் சாட்சியக் கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்"னேன். "பரவால்ல டீச்சர், சுருக்கமா சொல்லுங்க"ன்னாங்க. சங்கடம் நிச்சயம். சுருக்கம்தான் எனக்கு வராது.

என் பேரு கிரேஸ். உலு திராம்ல இருக்கேன். இருவது வருஷம் தடிக்காவுல, அதான் பாலர் பள்ளியில, சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன், அதனால சபையில பெரியவங்க சின்னவங்க எல்லாருக்கும் நான் டீச்சர். வீட்டுக்காரர் தெனம் எல்லையத் தாண்டிப் போயி சிங்கப்பூர்ல பஸ் ஓட்டுறாரு. எங்க சபை ஒரு கடைவீட்டு மாடியில நடக்குது, கீழ டயர் கடை. ஒம்பது வருஷம் நான்தான் அங்க செயலாளர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் ஒண்ணு நெனச்சா அது நடக்கணும். "உனக்குச் சபையெல்லாம் பத்தாது, போலீஸ் ஸ்டேஷன்தான் வேணும்"னு வீட்டுக்காரர் சொல்லுவாரு. நான் அதப் பெருமையா எடுத்துக்குவேன்.

போன வருஷம் ஆகஸ்ட் மாசம் எங்க அறுப்பின் பண்டிகை. அன்னிக்கு அவங்கவங்க வீட்டுல வெளஞ்சது, செஞ்சது எல்லாம் கொண்டு வந்து படைப்பாங்க. வாழத்தாரு, நாட்டுக்கோழி, முறுக்கு டின்னு, கருவேப்பிலக் கன்னு. ஆராதனை முடிஞ்சதும் ஏலம். சிங்கப்பூர்ல வேல பாக்குற நம்ம பிள்ளைங்க போட்டி போட்டு வெலய ஏத்துவாங்க. ஒரு பூசணிக்காய ரெண்டு பேரு விடாம இழுத்து, கடைசியில தோத்தவரு ஜெயிச்சவருக்கு அந்தப் பூசணிக்காயச் சுமந்துகிட்டுப் போனாரு. அந்த வருஷம் என்னைக்கும் வராத அளவுக்குக் காணிக்க சேந்துச்சு. எங்க சின்னச் சபைக்கு அது பெரிய தொக.

எங்க வழக்கம் என்னன்னா, அறுப்பின் காணிக்கையில ஒரு காசுகூட சபைக்கு எடுக்க மாட்டோம். முழுசும் வெளிய ஒரு ஊழியத்துக்குத்தான் போவணும். எங்க போவணும்னு கமிட்டி முடிவு பண்ணும். அந்த வருஷம் ரெண்டு எடத்துலேர்ந்து கேட்டிருந்தாங்க.

ஒண்ணு காஹாங். அங்க ஒரு செம்பனைத் தோட்டத்துல ஒம்பது குடும்பம் வீட்டுல கூடி ஜெபிக்கிறாங்க. எங்க பாஸ்டர் மாசம் ரெண்டு தடவ போயி ஆராதனை நடத்துவாரு. அந்த ஒம்பது குடும்பத்துல அற்புதம் அக்கா ஒருத்தங்க. ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துல மூணு நாளு குளுவாங் டவுனுக்குப் போயி டயாலிசிஸ் பண்ணணும். அவங்க வீட்டுக்காரர் சாமுவேல் அண்ணன் தோட்டத்துல ஜாகா, அதான் காவல்காரர் வேல பாக்குறாரு. அவருதான் மோட்டார்ல பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாரு. போறதுக்கே ஒரு மணி நேரம். வரும்போது அக்காவுக்கு மயக்கமா வரும்னு, ஒரு துண்டால தன் இடுப்போட சேத்துக் கட்டிக்குவாரு. அந்த ஒம்பது குடும்பத்துக்கும் சேத்து ஒரு பழைய வேன் வாங்கிக் குடுங்கன்னு கேட்டிருந்தாங்க.

இன்னொண்ணு என்னோடது. சனிக்கிழமையில ஏழைப் பிள்ளைங்களுக்கு டியூஷன் நடத்திகிட்டிருந்தேன். நாலாம் வகுப்புல இருக்கும், பேரு எழுதத் தெரியாது. அம்மாமாரு ஃபேக்டரியில ஷிஃப்ட் பாக்குறவங்க. எடம் பத்தல. பக்கத்துக் கடைவீட்டு மாடிய வாடகைக்கு எடுத்து, மேச நாற்காலி போட்டு, ஒரு வருஷத்துக்கு ஒரு வாத்தியார வைக்கணும்னு கேட்டேன். எனக்குன்னு அதுல ஒரு சல்லிக்காசு இல்ல. அதனாலதான் எனக்கு அவ்வளவு தைரியம்.

கமிட்டியில ஆறு பேரு. மூணு பேரு இந்தப் பக்கம், மூணு பேரு அந்தப் பக்கம். பொருளாளர் விக்டர் அண்ணன் காஹாங் பக்கம் நின்னாரு.

"பிள்ளைங்க அடுத்த வருஷமும் படிக்கலாம் டீச்சர். அக்காவுக்கு அடுத்த வருஷம் இருக்குமான்னு நமக்குத் தெரியுமா?"

"வேன் வாங்கிட்டா யாருண்ணே ஓட்டுறது? ரோட் டேக்ஸ் யாரு கட்டுறது? ஒரே வருஷத்துல தோட்டத்துல துருப்புடிச்சு நிக்கும், கோழி ஏறி முட்டை போடும்"னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. விக்டர் அண்ணன்கூட சிரிச்சாரு. ஒரு நோயாளியோட கேள்விய நான் சிரிப்பாக்கிட்டேன்னு அப்ப எனக்குத் தோணல. நல்லா பேசினேன்னுதான் தோணுச்சு.

பாஸ்டர் பாத்தாரு, இது முடியாதுன்னு. "ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி திருவுளச் சீட்டுப் போடுவோம். ஜெபிச்சு எடுப்போம். எது வருதோ அதுதான் கர்த்தரோட சித்தம், அதுக்கு மேல யாரும் பேசக் கூடாது"ன்னாரு. எல்லாரும் ஒத்துக்கிட்டோம். சீட்டு எழுதுறது யாரு? செயலாளர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் குசினி மேசையில உக்காந்து ரெண்டு துண்டு கிழிச்சேன். ஒண்ணுல "பிள்ளைகள் படிப்பு"ன்னு எழுதினேன். அடுத்ததுல "காஹாங் வேன்"னு எழுதணும். பேனாவ வச்சேன். அப்ப மனசுல ஒரு நெனப்பு வந்துச்சு. இத இதுக்கு முன்னாடி வாய்விட்டு முழுசாச் சொன்னதில்ல. "ஒருவேள கர்த்தர் தப்பா எடுத்துட்டா?" இதுதான் அந்த நெனப்பு. பிள்ளைங்க மொகம் எனக்குத் தெரியும், அவங்க நெலம எனக்குத் தெரியும், இது வேன் பக்கம் போயிட்டா எல்லாம் பாழாப் போயிருமேன்னு நெனச்சேன். கர்த்தருக்கே ஒத்தாசை பண்ணக் கெளம்பிட்டேன். ரெண்டாவது சீட்டுலயும் "பிள்ளைகள் படிப்பு"ன்னே எழுதினேன்.

சாத்தான் கையப் புடிச்சுட்டான்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். முழு நெனவோட எழுதினேன். ரெண்டையும் ஒரே மாதிரி மடிச்சேன். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கவும் செஞ்சேன்.

மறுநாள் காஹாங்லேர்ந்து நாலு குடும்பம் வந்திருந்தாங்க. அற்புதம் அக்காவும் வந்திருந்தாங்க. பாஸ்டர் ஜெபிச்சு முடிச்சுட்டு, "அக்கா இவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, அவங்களே எடுக்கட்டும்"னாரு. அக்கா முன்னாடி வந்தாங்க. ஊசி போட்டுப் போட்டு எடது கையில நரம்பெல்லாம் பொடச்சுகிட்டு இருக்கும், அத முந்தானையால மூடியிருந்தாங்க. தட்ட நான்தான் நீட்டினேன். அவங்க கண்ண மூடி, உதடு அசைய ஏதோ சொல்லிட்டு, ஒண்ண எடுத்து பாஸ்டர்கிட்ட குடுத்தாங்க.

"பிள்ளைகள் படிப்பு"ன்னு பாஸ்டர் படிச்சாரு. அக்காதான் மொதல்ல பேசினாங்க. "ஸ்தோத்திரம். பிள்ளைங்க படிக்கட்டும்"னு சொல்லிட்டு என்னப் பாத்துச் சிரிச்சாங்க. சபையே கை தட்டுச்சு.

தட்டுல இன்னொரு சீட்டு கெடக்கு. யாராச்சும் பிரிச்சா கத முடிஞ்சுது. அதக் கையில எடுத்துகிட்டு பின்னாடி கழிவறைக்குப் போனேன். அன்னிக்குத் தண்ணி வரல. குப்பைக்கூடையில போடப் பயமா இருந்துச்சு. வாயில போட்டு மென்னு முழுங்கிட்டேன். வெளிய வந்தா பாஸ்டர் திருவிருந்துக்கு அழைக்கிறாரு. செயலாளர் போவலன்னா எல்லாரும் என்னன்னு கேப்பாங்க. அதுக்காகப் போனேன். அதே வாயில அப்பத்த வாங்கினேன்.

அன்னைலேர்ந்துதான் எனக்கு ஜெபம் நின்னு போச்சு.

டியூஷன் நல்லா நடந்துச்சு. அதுதான் எனக்குப் பெரிய தண்டன. மேச வந்துச்சு, வாத்தியார் வந்தாரு, பிள்ளைங்க கூட்டம் கூடுச்சு. ஒரு பொண்ணு கீழ டயர் கடைப் பலகைய எழுத்துக்கூட்டி வாசிச்சதுக்கு அவ அம்மா என் கையப் புடிச்சுகிட்டு அழுதா. எனக்குச் சந்தோஷப்பட முடியல. விக்டர் அண்ணன் ஒரு நாள் வந்து, "டீச்சர், நான்தான் தப்பான பக்கம் நின்னுட்டேன், மன்னிச்சுக்குங்க. கர்த்தர் உங்க பக்கம் இருந்திருக்காரு"ன்னாரு. "பரவால்லண்ணே"ன்னேன். பாத்தீங்களா, நான் அவர மன்னிச்சேன்.

அதோட விட்டாங்களா? பாஸ்டர் நவம்பர்ல பிரசங்கத்துல இதையே சொன்னாரு. தேவ சித்தத்துக்குக் கீழ்ப்படியுறதுன்னா அற்புதம் அக்காவப் பாருங்க, தனக்கு வேண்டியது கெடைக்காதுன்னு தன் கையாலயே எடுத்துக் குடுத்துட்டு ஸ்தோத்திரம் சொன்னாங்களேன்னாரு. நான் முன் வரிசையில உக்காந்து தலைய ஆட்டினேன்.

வீட்டுக்காரருக்கு ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது. "என்ன கிரேஸ், எவர்சில்வர் தேஞ்சு தகரம் தெரியப் போவுது, விடு"ம்பாரு. சிரிச்சு மழுப்பிருவேன்.

ஜனவரி மாசம் மழ புடிச்சுகிச்சு. நம்ம பக்கம் வருஷக் கடைசியில ஆரம்பிக்கிற மழ எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. காஹாங்ல தோட்டத்துப் பாதையெல்லாம் தண்ணி. அதுல சாமுவேல் அண்ணனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து படுத்துட்டாரு. மோட்டார் ஓட்ட ஆளில்ல. அக்கா ஒரு தடவ டயாலிசிஸுக்குப் போவல. அடுத்த தடவையும் போவல. அதுக்கு மறுநாளு ஒடம்பெல்லாம் தண்ணி ஏறி, மூச்சு விட முடியாம வாசப்படியில விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ் தண்ணியக் கடந்து வந்து சேரவே ரொம்ப நேரம் ஆயிருச்சு. குளுவாங் பெரியாஸ்பத்திரியில ஐசியூவுல கொழா போட்டு வச்சிருந்தாங்க.

பாஸ்டர் எனக்குப் போன் பண்ணாரு. "டீச்சர், அக்காவுக்கு ரொம்ப முடியல. டாக்டரு நம்பிக்கையா பேசல. ஜெபச் சங்கிலி போட்டுருங்க"ன்னாரு. ஆளுக்கு ஒரு மணி நேரம் ஜெபிக்கிறதுக்குப் பேரு எழுதி குரூப்புல போடணும். எழுதினேன். எழுதும்போது வேன் இருந்திருந்தா, வேன் இருந்திருந்தான்னு அதே ஓடுது. நான்தான் கோழி முட்டைன்னு சொன்னவ. மத்தியானம் மூணு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஆளு இல்ல. என் பேரப் போட்டேன்.

மூணு மணிக்கு ரூம்புக் கதவச் சாத்திட்டு முழங்கால் போட்டேன். வழக்கம்போல அந்தக் காகிதம் வந்து நின்னுச்சு. இந்தத் தடவ எந்திரிக்கல. "ஆண்டவரே, நான்தான்"னேன். அது ஒண்ணுதான் வந்துச்சு. ரொம்ப நேரம் அதையே சொன்னேன், நான்தான், நான்தான். அப்புறம் அழுகையோட, "அக்காவ எடுத்துக்காதீங்க. நீங்கதான் வேணான்னு சொன்னீங்கன்னு நெனச்சுகிட்டே அவங்க போயிரக் கூடாது. அவங்கள எழுப்பிக் குடுங்க, என் வாயாலயே நான் சொல்லிர்றேன்"னு கெஞ்சினேன். அஞ்சு மாசத்துக்கு அப்புறம் எனக்கு வந்த ஜெபம் அது.

ரெண்டாவது நாளு கொழா எடுத்துட்டாங்க. அக்கா கண்ணத் தொறந்து, சாமுவேல் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டாங்களாம். டாக்டருங்களுக்கே ஆச்சரியம். குரூப்பு பூரா ஸ்தோத்திரம்.

இந்த எடத்துல நான் உடனே ஓடிப் போயி உண்மையச் சொன்னேன்னு நீங்க நெனப்பீங்க. இல்ல. கேட்டது கெடச்சதும் பேரம் பேச ஆரம்பிச்சேன். அவங்க ஒடம்பு தேறட்டும், இப்ப சொன்னா அதிர்ச்சியாயிரும்னேன். பாஸ்டர்கிட்ட மட்டும் சொன்னா போதாதான்னேன். பேரு போடாம ஒரு கடுதாசி எழுதுவமான்னுகூட யோசிச்சேன். என் எழுத்து ஊருக்கே தெரியும், அந்தப் புத்திகூட இல்ல. ஒரு வாரம் இப்படியே ஓடுச்சு. எட்டாவது நாளு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் கேலி பண்ணல. "நாளைக்கு லீவு போடுறேன். கெளம்பு"ன்னாரு.

புதன்கிழமை. அக்காவ சாதா வார்டுக்கு மாத்தியிருந்தாங்க. சாமுவேல் அண்ணன் பக்கத்துல நாற்காலியில இருந்தாரு, காய்ச்சல்ல பாதி ஆளா எளச்சுப் போயிருந்தாரு. "வாங்க டீச்சர், நீங்க ஜெபிச்சீங்களே, அதான் நான் பொழச்சேன்"னாங்க அக்கா. நான் நின்னுகிட்டே சொல்லிட்டேன். சீட்டு எழுதினது, ரெண்டுலயும் ஒண்ணே எழுதினது, ரெண்டாவத முழுங்கினது. முழுசாச் சொன்னேன்.

அக்கா என்னப் பாத்து "நீ"ன்னாங்க. பன்னெண்டு வருஷப் பழக்கத்துல அதுதான் மொத தடவ.

"வேனுக்காக நான் அழுவல, கேட்டுக்க. வேன் இன்னைக்கு வரும், நாளைக்கு ரிப்பேராவும். அன்னிக்கு நான் வீட்டுக்குப் போயி இவருகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? 'கர்த்தர் வேணான்னுட்டாரு, இனிமே நாம இதக் கேக்கக் கூடாது'ன்னேன். அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல. மழையில நனஞ்சுகிட்டுப் போறப்பக்கூட கேக்கல. மூச்சு முட்டி வாசல்ல கெடந்தேன் பாரு, அப்பக்கூட கேக்கல. இல்லன்னு சொன்னவருகிட்ட எந்த மூஞ்சிய வச்சுகிட்டுக் கேக்குறது? அஞ்சு மாசமா கர்த்தருக்கு என்னப் புடிக்கலன்னு நெனச்சுகிட்டிருந்தேன், கிரேஸ்."

நான் என்ன திருடினேன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் காணிக்கையத் திருப்பி விட்டேன்னுதான் நெனச்சிருந்தேன். ஒரு மனுஷி தன் ஆண்டவர்கிட்ட கேக்குறதயே நான் நிறுத்தியிருக்கேன். எனக்கு ஜெபம் வராத அதே அஞ்சு மாசம் அவங்களுக்கும் ஜெபம் இல்ல. எனக்காவது அது நான் செஞ்ச வெனை. அவங்க என்ன செஞ்சாங்க?

"மன்னிச்சிருங்கக்கா"ன்னேன். அக்கா மொகத்தத் தொடச்சுகிட்டு, "இப்பக் கேளு"ன்னாங்க.

"என்னக்கா?"

"நான் கேக்காம விட்டத நீ கேளு. இங்கயே கேளு. எனக்குக் கேக்குற மாதிரி சத்தமா கேளு."

வார்டுல எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டில்ல ஒரு மலாய்க்கார அம்மா, மாக் சிக்னு கூப்புடுவோம், போன்ல நாடகம் பாத்துகிட்டிருந்தாங்க. நான் கட்டில் கம்பியப் புடிச்சுகிட்டு, "ஆண்டவரே, அற்புதம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு வழி வேணும். அன்னிக்கு நீங்க சொன்னதா வந்த பதில் உங்களது இல்ல. உங்க பதில இப்பச் சொல்லுங்க"ன்னேன். மாக் சிக் போன் சத்தத்தக் கொறச்சாங்க. அக்கா ஆமென் சொன்னாங்க. அதுக்கு மேல என்கூட பேசல. நாங்க கெளம்பிட்டோம்.

சனிக்கிழமை மறுபடியும் போனேன். போவாம இருக்க முடியல. நான் உள்ள நொழையும்போது அங்க ஒரு மலாய்க்காரர் மனைவியோட நின்னுகிட்டிருந்தாரு. அவரு பேரு ஹாலிம், மாமாங்கிற மாதிரி பாக் சிக்ம்பாங்க. தோட்டத்துப் பிள்ளைங்கள வேன்ல பள்ளிக்கொடத்துக்கு ஏத்திட்டுப் போறவரு. அவரு வேன் தெனம் காலையில அக்கா வீட்டு வாசலத் தாண்டித்தான் போவும். "அந்தப் பாட்டியம்மா ஆம்புலன்ஸ்ல போனாங்க"ன்னு வேன்ல பிள்ளைங்க பேசிகிட்டதக் கேட்டு, விசாரிச்சுகிட்டு வந்திருக்காரு. என்ன நடந்துச்சுன்னு சாமுவேல் அண்ணன் மலாய்ல சொன்னாரு. காய்ச்சல், மழ, மோட்டார், போவ முடியாம போனது எல்லாம்.

அவரு கேட்டுட்டுக் கொஞ்சம் கோவமாவே, "கெனாப்பா தாக் சாக்காப்?"னாரு. ஏன் சொல்லலன்னு. "காலையில பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டா மத்தியானம் வரைக்கும் என் வேன் மரத்தடியில சும்மாத்தான் நிக்குது. எத்தன மாசமா நீங்க ரெண்டு பேரும் மழையில போறதப் பாக்குறேன். ஒங்களுக்கு வேற ஏதோ ஏற்பாடு இருக்குன்னு நெனச்சேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. டீசல் காசு குடுத்தா போதும். ஏன் கேக்கல?"

நான் செவுத்தோட ஒட்டிகிட்டு நின்னேன். ஏன் கேக்கலங்கிறதுக்கு அந்த ரூம்புல பதில் தெரிஞ்சவ நான். அக்கா என்னப் பாத்தாங்க. என்னக் காட்டிக் குடுத்துருவாங்கன்னு நெனச்சேன், காட்டிக் குடுக்கட்டும்னும் நெனச்சேன். அவங்க அவருபக்கம் திரும்பி, மலாய்ல மெதுவாச் சொன்னாங்க.

"இத்தன நாளாக் கேக்கல, பாக் சிக். புதன்கிழமதான் கேட்டோம்."

நான் வெளிய வராந்தாவுக்குப் போயி அழுதேன்.

டயாலிசிஸ் எடத்துல கொஞ்சம் லேட்டான ஷிஃப்டுக்கு மாத்திக் குடுத்தாங்க. பிப்ரவரியிலேர்ந்து பாக் சிக் ஹாலிம் பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டு அக்காவ ஏத்திக்கிறாரு, மத்தியானம் பிள்ளைங்கள வீட்டுல விட்டுட்டு மறுபடியும் குளுவாங் போயிக் கூட்டிட்டு வர்றாரு. அக்கா பின் சீட்டுல கால நீட்டிப் படுத்துகிட்டே வர்றாங்களாம். டீசலுக்கு ஆகுற செலவு, எங்க சபை வாராந்திரக் காணிக்கையிலயே தாராளமாக் குடுக்கக்கூடியது. பிள்ளைங்க படிப்பா, அக்காவோட வேனான்னு நாங்க ரெண்டே சீட்டுக்கு நடுவுல சண்ட போட்டோமே, அந்தச் சண்டையே தேவையில்ல. ரெண்டுக்கும் வழி இருந்துச்சு. நாங்க ஒருத்தருமே காஹாங்குக்குப் போயி, அங்க என்ன இருக்கு, யாரு இருக்காங்கன்னு பாக்கல. மேசையச் சுத்தி உக்காந்துகிட்டே கர்த்தரோட காச எங்க அனுப்பலாம்னு முடிவு பண்ணோம்.

ஹாலிமப் பாத்ததுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நின்னு சொன்னேன். பாஸ்டர்கிட்ட மொத நாளே சொல்லிட்டேன். அவரு, "நான் இதப் பிரசங்கம் பண்ணிட்டேனே டீச்சர்"னு மட்டும் சொன்னாரு. அந்தக் கொரல் எனக்கு இன்னும் கேக்குது. விக்டர் அண்ணன் ரெண்டு மாசம் என்கூட பேசல. பேசாம இருக்க அவருக்கு முழு உரிம இருந்துச்சு. டியூஷன் பிள்ளையோட அம்மா ஒருத்தி, "அப்ப எங்க பிள்ளைங்க படிச்சது கள்ளக் காசுலயா டீச்சர்?"னு கேட்டா. அவ பிள்ள படிச்சதுல தப்பில்ல, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். அவ நம்பின மாதிரி தெரியல. டியூஷன சபை நிறுத்தல. செயலாளர் வேலய நானே விட்டுட்டேன், வேணாம்னு யாரும் தடுக்கல.

இந்த வருஷம் அறுப்பின் காணிக்கைக்குச் சீட்டுப் போட்டாங்க. கமிட்டியில எல்லாரும் மொதல்ல, உதவி கேட்டவங்க வீட்டுக்கே நேருல போயி ஒரு நாளு இருந்துட்டு வந்தாங்க. சபை முன்னாடி ரெண்டு பேரு உக்காந்து சீட்டு எழுதினாங்க. மூணாவதா ஒரு வெத்துச் சீட்டும் வச்சாங்க. அது வந்தா, நமக்குத் தெரியாத வழி வேற ஏதோ இருக்கு, காத்திருந்து திரும்பக் கேளுங்கன்னு அர்த்தம். யோசன விக்டர் அண்ணனோடது. நான் கடைசி வரிசையில இருந்து பாத்தேன்.

எனக்கு ஜெபம் திரும்பி வந்துருச்சு. முன்ன மாதிரி அழகான வார்த்தையெல்லாம் வர்றதில்ல. அக்காவப் பாக்க மாசம் ஒரு தடவ காஹாங் போறேன். அவங்க என்ன இன்னும் "நீ"ன்னுதான் கூப்புடுறாங்க. மன்னிச்சுட்டேன்னு இதுவரைக்கும் சொல்லல. நானும் திரும்பக் கேக்கல. உள்ள போனதும் "வா, உக்காரு, மொதல்ல ஜெபிப்போம்"பாங்க. அவங்க கேக்கும்போது இப்ப வெக்கப்படாம கேக்குறாங்க. தோட்டத்துக்கு டாக்டரு வரணும்னு கேக்குறாங்க, பாக் சிக் ஹாலிமோட முட்டி வலி போவணும்னு கேக்குறாங்க, ஒரு நாள் வீட்டுக் கூரை ஒழுகுறதுக்குக்கூட கேட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்து ஆமென் சொல்றேன்.

சகோதரிங்களே, அந்தச் சீட்ட எழுதினது நான். பதில் சொன்னது கர்த்தர். அந்தப் பதிலுக்கு நான் தகுதியானவ இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனால உங்ககிட்ட நான் ஒண்ணுதான் கேக்குறேன். உங்க சபையில, உங்க தெருவுல, "கர்த்தர் எனக்கு இல்லன்னு சொல்லிட்டாரு"ன்னு கேக்குறத விட்டுட்டு ஒக்காந்திருக்கிறவங்க யாராச்சும் இருப்பாங்க. அவங்க வீட்டுக்குப் போங்க. அந்த "இல்ல"ய அவங்களுக்கு யாரு கொண்டு வந்து குடுத்தாங்கன்னு மெதுவா விசாரிங்க. அது என்ன மாதிரி ஒருத்தியா இருக்கலாம். அப்புறம் அவங்க கையப் புடிச்சுகிட்டு, அவங்க காதுல விழுற மாதிரி, இன்னொரு வாட்டி கேளுங்க.